கேள்வி – பதில்: லினக்ஸும் அரியரும்

கேள்வி: கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விடுதி அறையில் பழைய மடிக்கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, திறந்த மூலச் செயலி ஒன்றில் ‘கொ’ எழுத்தின் கொம்பு விலகித் தெரிந்த பிழையைத் திருத்தி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் கணிதத்தில் அரியர் விழுந்துவிட்டது. இனி எதைக் கைவிடுவது?
– மாணவர், கோவை

பதில்: எதையும் கைவிட வேண்டாம்; வரிசையை மட்டும் மாற்றுங்கள். ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்டில் தமது லினக்ஸ் இயங்குதளத்தை வெறும் பொழுதுபோக்கு என்றே அறிவித்தார். அதைப் பற்றிய அவருடைய முதுகலை ஆய்வேடு 1997ஆம் ஆண்டுக்குரியது. அத்தகைய அவகாசம் நமது பருவத்தேர்வு முறையில் கிடைக்காது என்பதாலும், வளாக நேர்முகத்துக்கு வரும் பல நிறுவனங்கள் அரியர் உள்ளவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவதாலும் (அது நியாயமா என்பது வேறு விஷயம்), கணிதத் தாளை அடுத்த பருவத்திலேயே எழுதி முடித்துவிடுங்கள். நீங்கள் செய்த திருத்தம் எங்கும் போய்விடாது. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ (Git) கருவியின் வரலாற்றில் பெயரும் தேதியுமாக அது பதிவாகியிருக்கும். தற்குறிப்பில் ‘லினக்ஸ் தெரியும்’ என்று பொதுவாக எழுதாமல், அந்தக் கொம்பு ஏன் விலகியது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை இரண்டு வரிகளில் எழுதி, திருத்தத்தின் இணைப்பையும் தாருங்கள்.