ஒரு தடவை சின்னம்மை போட்டவர் உடம்பில் அந்தக் கிருமி மிச்சம் இருக்குமா? வீட்டுக்கு யார் கொண்டுவந்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?

முதல் கேள்விக்கு ஆமாம். இரண்டாவது கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டிலும் யாரோ உங்கள் மேல் பழியைப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். இல்லாவிட்டால் இதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள்? அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை, கணக்கர் வேலை பார்க்கிறேன். "டாக்டர் இல்லாதவர்கள் ஏன் மருத்துவம் எழுதுகிறீர்கள்" என்று வருபவர்கள் தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டு வாருங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் தேதிக் கணக்கு.

2018 கோடை. என் மாமனாருக்கு 70 நிறைவு. பீமரத சாந்தியை ஊரில் எங்கள் வீட்டிலேயே நடத்துவதாக முடிவு. எந்த ஊர் என்று சொல்லவில்லை, பள்ளத்தூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே 27 ஞாயிற்றுக்கிழமை தேதி குறித்து, பத்திரிகை அடித்து, சமையல்காரருக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. என் மகனுக்கு அப்போது 6 வயது. சென்னையில் அவன் பள்ளிக்கூடம் ஏப்ரல் 13 அன்று மூடினார்கள். 20 ஆம் தேதி பல்லவன் ரயிலில் காரைக்குடி வந்து இறங்கினோம். இந்தத் தேதிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஏப்ரல் கடைசியில் மாமா வலது பக்க விலாவில் எரிகிறது, சுளுக்காக இருக்கும் என்றார். தைலம் தேய்த்தோம். மே 1 காலையில் பார்த்தால் முதுகுத்தண்டிலிருந்து முன்வயிறு வரை ஒரு பக்கமாகவே பட்டை போல் கொத்துக்கொத்தாகக் கொப்புளம். அத்தை பார்த்ததுமே அக்கி என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே அக்கிக்குச் சிங்கம் எழுதும் வேளாரை (மண்பானை செய்பவரை) வரச்சொல்லி, அவர் காவிக்கல்லைக் குழைத்து முதுகில் சிங்கம் எழுதிவிட்டுப் போனார். என் மகனுக்கு அது பெரிய வேடிக்கை. ஐயாவின் முதுகில் சிங்கம் இருக்கிறது என்று தெருவுக்கே சொன்னான். விசிறி எடுத்து வீசிவிடுவான், சிங்கத்தின் வாலை விரலால் தடவிப் பார்ப்பான், அவர் மடியிலேயே கிடப்பான். யாரும் தடுக்கவில்லை. நானும்தான்.

மே 16 அன்று அவனுக்குக் காய்ச்சல், மார்பில் நாலைந்து முத்து. சின்னம்மை. வாசலில் வேப்பிலை செருகினார்கள், வீட்டில் தாளிப்பு நின்றது, 27 ஆம் தேதி விசேஷம் நின்றது. பத்திரிகை வைத்த அத்தனை வீட்டுக்கும் போன் போட்டுச் சொன்னபோது அத்தை சொன்ன வாக்கியம் ஒன்றுதான். "அறுபது வருசமா இந்த வீட்டுல ஆத்தா எறங்கலை, மெட்ராசுலேருந்து கூட்டிக்கிட்டு வந்துட்டா." கூட்டிக்கொண்டு வந்தது நான். வேலைக்குப் போகிற மருமகள், கண்ட பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் போட்டவள், எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது. நேரில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும்.

இப்போது கணக்கு. சின்னம்மைக் கிருமி உள்ளே போன பிறகு முத்து வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும், பெரும்பாலும் இரண்டு வாரம். என் மகன் பள்ளிக்கூடத்தைவிட்டு வந்து 33 நாள், சென்னையைவிட்டு வந்து 26 நாள். அங்கே தொற்றியிருந்தால் மே 11க்குள் முத்து போட்டிருக்க வேண்டும். மாமாவுக்குக் கொப்புளம் வந்து சரியாகப் பதினைந்தாவது நாள் இவனுக்கு வந்திருக்கிறது. காரைக்குடியில் டாக்டர் இவனைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டுல பெரியவங்க யாருக்காவது அக்கி இருந்துச்சா?" என்பதுதான். எனக்கு அங்கேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவர் பிள்ளைக்காக அழுகிறேன் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்.

அக்கியும் சின்னம்மையும் ஒரே வைரஸ். மாமாவுக்கு எட்டு வயதில் அம்மை போட்டிருக்கிறது, மூக்கில் இன்னும் தழும்பு இருக்கிறது. அப்போது அவர் உடம்பு அதோடு சண்டை போட்டு ஜெயித்தது உண்மை. முதலில் காய்ச்சல், அப்புறம் அந்தக் கிருமிக்கென்றே எதிர்ப்புப் புரதங்கள், கிருமி புகுந்த செல்களைத் தேடிக் கொல்லும் வெள்ளணுக்கள். சண்டை முடிந்ததும் அதில் கொஞ்சம் அணுக்கள் அந்த முகத்தை மறக்காமல் ஆயுசுக்கும் தங்கிவிடும், அதனால்தான் மறுபடி அம்மை வருவது அபூர்வம். ஆனால் அதற்குள் வைரஸ் தோலிலிருந்து நரம்பு வழியாக ஏறி முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அங்கே பெருகாமல், சத்தம் காட்டாமல் கிடப்பதால் காவலுக்குத் தெரிவதில்லை. முழுதாக விரட்டவே முடியாது.

எங்கள் வீட்டு வளவை (உள்முற்றத்தை) சுற்றியுள்ள அறைகளில் ஒன்று மலேசியாவில் இருக்கும் பங்காளியுடையது. பூட்டி முப்பது வருடம், சாவி அவரிடம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த வைரஸும் அப்படிப் பூட்டிய அறைக்குள் கிடப்பதுதான். காவல்காரருக்கு வயதாகிறது அல்லவா, அந்த வெள்ளணுக்கள் தளரும்போது கதவைத் திறந்துகொண்டு அதே நரம்பு வழியாகத் தோலுக்கு இறங்குகிறது. எந்த நரம்பில் இருந்ததோ அந்த நரம்பு ஓடும் இடத்தில் மட்டும்தான் கொப்புளம், அதனால்தான் ஒரு பக்கமாகப் பட்டை.

இது என் ஊகம் இல்லை. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சின்ன ஊரில் வைத்தியம் பார்த்த ஹோப்-சிம்ப்சன் என்பவர் 16 வருடம் தன்னிடம் வந்த அக்கிக்காரர்களையெல்லாம் குறித்துவைத்து, இது வெளியிலிருந்து வருவது அல்ல, பழைய அம்மையே எழுந்து வருவது என்று 1965 இல் எழுதினார். அதற்கு முன்பே, 1950களில், தாமஸ் வெல்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானி இரண்டிலும் இருப்பது ஒரே வைரஸ் என்று ஆய்வகத்தில் காட்டியாகிவிட்டது.

ஒருவரின் அக்கியிலிருந்து இன்னொருவருக்கு அக்கி தொற்றாது. ஆனால் கொப்புளத்து நீரில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. அம்மையே போடாத, ஊசியும் போடாத ஒருவர் அதைத் தொட்டால் அவருக்குச் சின்னம்மையாக வரலாம். எங்கள் வீட்டில் அப்படி இருந்தவர்கள் என் மகனும் கொழுந்தனார் மகனும்தான். கொழுந்தனார் மகனுக்கு மே 30 அன்று போட்டது, அது என் மகனிடமிருந்து. முத்து தெரிந்ததும் பிரித்துப் படுக்க வைத்தோமே என்றால், முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே மூச்சுக்காற்றில் பரவத் தொடங்கிவிடும். பட்டாலைக் கூடத்தில் ஒரே மின்விசிறிக்கடியில் இரண்டும் படுத்துக்கிடந்தன. வேப்பிலை செருகி வெளியாட்களை நிறுத்தியது நல்ல காரியம்தான், நான் அதைக் குறை சொல்லவில்லை. பதினைந்து நாள் தாமதமாகச் செருகினார்கள், அவ்வளவுதான். அக்கிக்கு யாரும் வேப்பிலை செருகுவதில்லையே.

வேளார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவர் வெற்றிலை பாக்கோடு வாங்கியது சொற்பம். ஆனால் அக்கிக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகப் பிடிக்கும். சிங்கம் காயட்டும் என்று நாங்கள் ஐந்து நாள் காத்திருந்தோம். மாமாவுக்குக் கொப்புளம் ஆறிய பிறகும் அடுத்த தைப்பொங்கல் வரை அந்த இடத்தில் சட்டை பட்டாலே எரிச்சல். உங்கள் வீட்டில் யாருக்காவது வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், சிங்கம் அப்புறம் எழுதலாம். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் ஒரு ராத்திரிகூடத் தாமதிக்க வேண்டாம். அம்மை போடாத கர்ப்பிணிகள் வீட்டில் இருந்தால் அவர்களைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள், ஏற்கெனவே பக்கத்தில் இருந்துவிட்டால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள். சின்னம்மைக்கு ஊசி இருக்கிறது. ஜப்பானில் தக்காஹாஷி என்ற டாக்டர் 1974 இலேயே கண்டுபிடித்தது. அரசு இலவசமாகப் போடும் பட்டியலில் இல்லை, காசு கொடுத்து இரண்டு தவணை போட வேண்டும். குழந்தை டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். வீட்டுக்கடன் இருந்தது, காரணம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அந்த விதத்தில் என் பங்கும் உண்டு. ஆனால் "கொண்டுவந்தவள்" நான் இல்லை.

இதையெல்லாம் வீட்டில் சொன்னாயா என்றால், சொல்லத்தான் போனேன். தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கு மதியம் மாமா முகப்புத் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தார். டாக்டர் கேட்டதைக் கணவர் அவரிடம் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, எங்கிட்டேயிருந்துதான் பிள்ளைக்கு வந்துச்சா?" என்று கேட்டார். பேரனைத் தொட்ட கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இல்லை மாமா, பள்ளிக்கூடத்துலதான் ஒட்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

ஆவணியில் விசேஷம் நன்றாக நடந்தது. இப்போதும் ஒவ்வொரு ஏப்ரலிலும் நாங்கள் டிக்கெட் போட்டதும் அத்தை போன் செய்து, அங்கே பள்ளிக்கூடத்தில் யாருக்காவது அம்மை வார்த்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் வரச்சொல்கிறார்கள்.