தொப்புளில் புடைப்பு: பெண்களுக்கும் ஹேர்னியா வருமா?

"இரண்டு பிள்ளை பெற்ற பிறகு தொப்புளில் ஒரு புடைப்பு, படுத்தால் மறைகிறது. ஹேர்னியா ஆம்பிளைகளுக்குத்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை அக்கா. கர்ப்பத்தில் இழுபட்டுத் தளர்ந்த வயிற்றுச் சுவரில் உள்ள ஓட்டையால் கொழுப்போ குடலோ வெளியே தள்ளும்; அதுதான் ஹேர்னியா. வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய தேங்காய்ப் பையோடு மாடி ஏறும்போது துருத்தும். சிசேரியன் தழும்பிலும் வரலாம்.

எனக்குப் பயம் தொடை மடிப்புக்குச் சற்றுக் கீழே வரும் தொடை ஹேர்னியாதான். அது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். பாக்களவுதான் இருக்கும், நெறி கட்டியிருக்கு என்று விட்டுவிடுவோம். வழி ஒடுக்கமானதால் குடல் சிக்கி இறுகிவிடும். உள்ளே போகாத கட்டி, கடும் நோ, சத்தி என்றால் கிளினிக் நாள் பார்க்காமல் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

உங்களுடையதை ஒரு சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். எண்ணெயும் பெல்ட்டும் ஓட்டையை மூடாது. சத்திரசிகிச்சையில் தையல் போட்டோ செயற்கை வலை வைத்தோதான் மூடவேண்டும்.