நல்ல பங்குத்தந்தை யார்? எங்கள் வீட்டுக்கு வந்தவரை வைத்துச் சொல்கிறேன்

நல்ல பங்குத்தந்தைக்கு, அதாவது ஊர்க் கத்தோலிக்கக் கோவிலைக் கவனிக்கும் குருவுக்கு, என்ன தகுதி வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக வந்திருப்பவருக்குப் பிரசங்கம் வரவில்லை என்று உங்கள் கோவில் மக்கள் முணுமுணுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை வைத்து அளக்காதீர்கள். பங்குத்தந்தையருக்கே பாதுகாவலர் என்று 1929-இல் அறிவிக்கப்பட்ட ஜான் மரிய வியான்னி, லத்தீன் ஏறாமல், குருக்களுக்குப் பயிற்சி தரும் குருமடத்தில் திண்டாடியவர். 1818-இல் பிரான்சில் ஆர்ஸ் என்ற சிற்றூருக்குப் போனார். சாகும்வரை 41 வருடம் அங்கேயே இருந்து, மக்கள் தங்கள் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் கேட்டார்.

எங்கள் பழைய சாமியாரும் பேப்பரைப் பார்த்துத்தான் பிரசங்கம் வாசிப்பார். பாதிப் பேர் வெளியே போய் நிற்பார்கள். ஆனால் அம்மா பக்கவாதத்தில் படுத்த மூன்று வருடமும் மாதத்தின் முதல் வெள்ளி தவறாமல், பூசையில் அர்ச்சித்த அப்பமான நற்கருணையோடு வீட்டுக்கு வந்தார். அறையில் வாடை அடிக்கும் என்று அம்மா கூச்சப்படுவாள். அவர் ஸ்டூலைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டு உட்காருவார். அம்மாவுக்கு விழுங்கச் சிரமம் என்று நாங்கள் சொல்லவே இல்லை. அவரே கவனித்து, அப்பத்தில் நகக்கண் அளவு பிட்டு, ஸ்பூனில் தண்ணீரோடு நாக்கில் வைத்து, தொண்டை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அது இறங்கின பிறகுதான் செபத்தைத் தொடர்வார்.

அவருக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்தவர் பேச்சில் கெட்டிக்காரர், கோவிலில் உட்கார இடம் கிடைக்காது. அம்மா இறந்த அன்று துக்க மணி அடிக்கச் சொல்லப் போனால், குடும்பங்கள் கட்டும் கோவில் வரி நோட்டை விரித்து மூன்று வருடப் பாக்கி என்றார்கள். மருந்துக்கே கடன் வாங்கிய வீடு அது. மச்சான் பணம் புரட்டிக் கட்டிய பிறகுதான் மணி அடித்தது.

உடனே, வரி இல்லாமல் கோவில் எப்படி நடக்கும் என்று யாராவது வருவீர்கள். கரண்ட் பில்லும், கோவில் வேலையில் குருவுக்கு உதவும் உபதேசியார் சம்பளமும் எனக்கும் தெரியும். என் சித்தப்பாவே குருதான், நான் குருக்களுக்கு விரோதி இல்லை. ஆனால் ஏழைகளுக்குத் தகுந்த அடக்கச் சடங்கு மறுக்கப்படக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 1181-ஆம் எண்ணில் எழுதியிருக்கிறது. பங்குத்தந்தை வீடுகளைச் சந்திக்க வேண்டும், நோயாளிகளைத் தேடிப் போக வேண்டும் என்று அதே சட்டத்தின் 529-ஆம் எண் சொல்கிறது. இது அவர்கள் சட்டம்தானே?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடக்கப் பூசையில்கூடக் கீபோர்டை அலற விடுகிறார்களே, அதை யார்தான் கேட்பது? அம்மாவுக்குப் பிடித்த பாட்டை நாங்கள் சேர்ந்து பாட வாய் திறக்க முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

சரி, உங்கள் விஷயம். உங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீடுகள் சேர்ந்த கோவில் குழுவில், படுக்கையில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போய், புதுச் சாமியார் வந்தாரா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் உடனே குறை சொல்ல வேண்டாம், வந்த புதிதில் அவருக்கு வீடு தெரியாது. ஒரு சாயங்காலம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.