கம்பனியின் பில்லில் கையொப்பம் வைத்தவர் யார்?

கேள்வி: எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலையைத் தனியார் கம்பனி செய்கிறது. மலசலகூடங்களுக்குள் போக முடியவில்லை. நிர்வாகம் கம்பனியைக் கை காட்டுகிறது. கம்பனியின் மேற்பார்வையாளர் ஆள் போதாது என்கிறார். யாரைப் பிடிப்பது?
வாசகி, திருகோணமலை

பதில்: நிர்வாகத்தைத்தான். வேலையைக் கொந்தராத்துக்கு விட்டாலும் பொறுப்பு அவர்களுடையதே. கம்பனி மாதாமாதம் பில் கொடுக்கிறது. வேலை ஒழுங்காக நடந்தது என்று நிர்வாகத்தில் ஒருவர் ஒப்பமிட்ட பிறகே காசு போகும். அந்தத் தாளைக் கேளுங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆஸ்பத்திரியின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 'ஏன் அசுத்தம்?' என்று கேட்டால் விளக்கக் கடிதம்தான் வரும். ஆவணங்களைக் கேளுங்கள்: ஒப்பந்தத்தில் ஒரு வேலைமுறைக்கு (ஷிப்ட்) எத்தனை பேர், கடந்த மூன்று மாதங்களில் தினமும் வந்தவர்கள் எத்தனை பேர், ஆள் குறைந்ததற்காகப் பில்லில் கழித்த தொகை எவ்வளவு. பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். தனிப்பட்ட விபரம் என்று தட்டிக்கழிக்க இடமிருக்காது. ஒப்பந்தத்தில் 20 பேர் இருக்க, 14 பேர் வந்த நாளுக்கும் முழுக்காசு போயிருந்தால், அது கணக்காய்வுக்குக் கொண்டுபோக வேண்டிய விஷயம்.

14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால், 14 நாட்களுக்குள் அங்கேயே குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதற்கும் மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அரசுடன் ஒப்பந்தம் செய்து பொதுச்சேவை செய்யும் தனியார் நிறுவனமும், அந்த வேலையைப் பொறுத்தவரை, இச்சட்டத்துக்குள் வருகிறது. இது பலருக்குத் தெரியாமலிருப்பது வேதனை.

முறைப்பாட்டில் வாட்டு, திகதி, நேரம் மூன்றையும் எழுதுங்கள். 'எப்போதும் அசுத்தம்' என்ற வரியை வைத்து எவரும் பில்லில் ஒரு ரூபாயும் வெட்ட முடியாது.

கேள்வி: அதே வேலை செய்யும் என் அம்மாவுக்குச் சேமலாப நிதி கட்டப்படவில்லை. ஒப்பந்தமும் முடியப்போகிறது.
வாசகர், கிண்ணியா

பதில்: தாமதிக்க வேண்டாம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம், கம்பனி 12 வீதம்; ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பனி மட்டும் 3 வீதம். சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகத்தின் பிரதிகளுடன் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடுங்கள். முறைப்பாட்டின் பிரதியை ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் கொடுத்து, திகதி முத்திரை வாங்குங்கள். நிர்வாகத்தின் கையில் இருக்கும் கடைசிப் பில் காசும் பிணைத் தொகையும் கம்பனிக்குக் கைமாறிய பின் பழைய கம்பனியைத் தேடிப்பிடிப்பது பெரும்பாடு. புதிய கம்பனி அம்மாவை வேலைக்கு எடுத்தாலும் பழைய நிலுவையை ஏற்காது.