கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி இரண்டு நாள் ஆகிறது. ஒரே ஒரு சிகரெட் பிடித்தால் என்ன ஆகிவிடும்?

ஒன்றும் ஆகாமலும் போகலாம். சிக்கலே அதுதான். என் மச்சான் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, கிளினிக் படி இறங்கியதும் பஞ்சைத் துப்பிவிட்டுத் தம் போட்டவர். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரை நம்பி நான் மூன்றாம் நாள் பற்றவைத்தேன். எனக்கு ஆகிவிட்டது.

நாலு வருடம் முன்பு, திருச்சியில். இடது பக்கக் கீழ் ஞானப்பல். படுத்தவாக்கில் முளைத்திருந்ததால் ஈறைக் கீறி, பல்லை இரண்டாக வெட்டித்தான் எடுக்க முடிந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். "பஞ்சை அரை மணி, முக்கால் மணி நேரம் கடிச்சுக்கோங்க சார். துப்பாதீங்க, எச்சிலை முழுங்கிடுங்க. இன்னிக்குக் கொப்பளிக்க வேண்டாம், ஸ்ட்ரா போட்டு எதுவும் குடிக்க வேண்டாம். சிகரெட் ஒரு வாரம் தொடவே கூடாது" என்றார். பாதி வாய் மரத்துக் கிடந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

முதல் நாள் கஷ்டமே இல்லை. மாத்திரை, தூக்கம், ஆறிப்போன ரசம் சாதம். இரண்டாம் நாள்தான் ஆரம்பித்தது. டிவி சத்தத்துக்காக மனைவியோடு சண்டை. "பல்லைப் புடுங்குனாங்களா, இல்ல உங்க பொறுமையைப் புடுங்குனாங்களா?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது, வலியும் ஏறக்குறைய இல்லை. சாயங்காலம் தெருமுனை டீக்கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் நான் வாயைத் திறக்கும் முன்பே வழக்கமான சிகரெட்டை எடுத்து நீட்டினார், பன்னிரண்டு வருடப் பழக்கம். வலது பக்கமாக வைத்து மெதுவாக இழுத்தால் போச்சு என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். நாலு இழுப்பு. பாதியிலேயே கீழே போட்டு மிதித்துவிட்டு, பெரிய தியாகி மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

ராத்திரி இரண்டு மணிக்குக் காது வலித்தது. பல் இருந்த இடம்கூட இல்லை, காது. அப்புறம் அது நெற்றிப்பொட்டுக்கு ஏறி, தாடை முழுக்க இறங்கியது. மாத்திரைக்கு அசையவில்லை. வாயில் ஒரு கெட்ட நாற்றம். செல்போன் டார்ச்சைப் பிடித்துக் கண்ணாடியில் பார்த்தேன். முந்தின நாள் கருஞ்சிவப்பாக ஏதோ அடைத்திருந்த குழி இப்போது காலி. அடியில் சாம்பல் கலந்த வெள்ளையாகத் தெரிந்தது தாடை எலும்பு.

இதற்கு டிரை சாக்கெட் என்று பெயர். பல் போன குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி மாதிரி நிற்கும். அடியில் இருக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் காப்பது அதுதான், புதுச் சதை வளர்வதும் அதைப் பிடித்துக்கொண்டுதான். அது கரைந்தோ கழன்றோ போனால் எலும்பு அம்மணமாக நிற்கும். காற்று, தண்ணீர், சோற்றுப் பருக்கை எது பட்டாலும் உயிர் போகும். சாதாரணமாகப் பல் எடுத்தவர்களில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு இது வரும். கீழ் ஞானப்பல்லுக்கு இன்னும் அதிகம். புகைப்பவர்களுக்கு வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் கொஞ்சம் கூடுதல் என்பார்கள். என் மச்சான் தப்பித்த கணக்கும் இதிலேயே இருக்கிறது. மூன்று மடங்கு என்றாலும் பெரும்பாலானவர்கள் தப்பித்துவிடுவார்கள், டீக்கடையில் வந்து கதை சொல்வதும் அவர்கள்தான்.

அந்த நாலு இழுப்புதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வெட்டி எடுத்த ஞானப்பல், சிகரெட் வாசமே அறியாதவருக்கும் வந்திருக்கலாம். டாக்டரும் அதைத்தான் சொன்னார். ஆனால் ஒன்று. உறிஞ்சும் இழுவையில்தான் ரத்தக்கட்டி கழன்றுவிடும், அதனால் மெதுவாக இழுத்தால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாதிதான் விஷயம். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, காயத்துக்கு வர வேண்டிய ரத்தம் குறைகிறது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சூடு வேறு. மெதுவாக இழுத்தாலும் வேகமாக இழுத்தாலும் இதெல்லாம் உள்ளே போகத்தான் செய்யும். குழி மேல் ஈரப் பஞ்சை வைத்துக்கொண்டு புகைக்கலாம் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. அதற்கும் இதே பதில். பீடி இன்னும் மோசம், அணையாமல் இருக்க அடிக்கடி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். புகையிலையை வாயில் ஒதுக்குபவர்களுக்குத் தூள் நேரே காயத்துக்குள்.

எனக்கு யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு, உங்களுக்கு அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சிகரெட்டை நிறுத்தினால் தவிப்பு உச்சத்துக்குப் போவது இரண்டாம், மூன்றாம் நாளில். டிரை சாக்கெட் பெரும்பாலும் தலைகாட்டுவதும் முதல் மூன்று நான்கு நாளுக்குள். இரண்டும் ஒரே நாட்களில் வந்து நிற்கின்றன. அதோடு வலி குறைவதால் ஆறிவிட்டது என்ற நினைப்பும் அப்போதுதான் வரும். "சிகரெட் குடிக்காதீங்க" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பன்னிரண்டு வருடம் தினமும் பத்து பிடித்தவன் எப்படி இருப்பான் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வைத்தியம் எளிதுதான், போகத்தான் வேண்டும். உப்புநீரால் குழியைக் கழுவி, கிராம்புத் தைலத்தின் சத்தான யூஜினால் கலந்த மருந்தை உள்ளே வைத்தார்கள். வைத்த கொஞ்ச நேரத்தில் வலி இறங்கியதை நினைத்தால் இன்றும் அந்த டாக்டருக்குக் கும்பிடு போடத் தோன்றுகிறது. இரண்டு மூன்று தடவை போய் மருந்து மாற்றினேன், பத்து நாளில் சரியானது. இதைப் படித்துவிட்டு வீட்டில் கிராம்பை இடித்துக் குழிக்குள் அடைக்காதீர்கள். அந்தத் துணுக்குகளை எடுப்பது தனி வேலை. ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டாலும் இந்த வலி அடங்காது. நல்லெண்ணெய் கொப்பளிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள்.

போன வருடம் மேல் கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க வேண்டி வந்தது. இந்தத் தடவை முன்கூட்டியே டாக்டரிடம் உண்மையைச் சொல்லி, தவிப்பை அடக்க நிகோடின் பட்டை (பேட்ச்) கேட்டு வாங்கிக் கையில் ஒட்டிக்கொண்டேன். சூயிங்கம் வடிவிலும் கிடைக்கிறது, ஆனால் புண்ணோடு மெல்ல முடியாது. டீயை வீட்டிலேயே ஆற வைத்துக் குடித்தேன். அந்தக் கடைப் பக்கமே எட்டு நாள் போகவில்லை, எனக்கு டீயும் தம்மும் பிரியாத ஜோடி. ஒன்பதாம் நாள் மறுபடி பிடித்தேன், மறைப்பானேன். இப்போது தினம் மூன்றில் நிற்கிறது.

உங்களுக்கு இன்று இரண்டாம் நாள். குழியில் மஞ்சளும் வெள்ளையுமாகப் படலம் தெரிந்தால் பதறாதீர்கள், ஆறும் போது அப்படித்தான் இருக்கும். நாக்கால் நோண்டாதீர்கள், குச்சி வேண்டவே வேண்டாம். சாப்பிட்ட பிறகு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து, கொப்பளிக்காமல் தலையைச் சாய்த்து வழியவிடுங்கள். ரொம்பத் தவிப்பாக இருந்தால் சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 எண்ணைக் கூப்பிடலாம், காசு கிடையாது. வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி நாளையோ மறுநாளோ திரும்ப ஏறி, காதுப் பக்கம் போனால் விடிந்ததும் பல் டாக்டரிடம் போய்விடுங்கள். காய்ச்சல், சீழ், அதிகமாகும் வீக்கம், விழுங்கச் சிரமம் என்றால் விடியும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.