கட்டைவிரல் மோதிரம் போட்டால் லெஸ்பியன் என்று அர்த்தமா?

சேலத்தில் படிக்கும் நீங்கள் கட்டைவிரலில் வெள்ளி மோதிரமும் இடுப்பில் கொக்கி போட்ட சாவிக்கொத்தும் வைத்திருப்பதைப் பார்த்து, தோழி இப்படிச் சொன்னதாகக் கேட்டிருக்கிறீர்கள்.

மோதிரத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகள் இருக்கிற ஊரில் யார் விரலிலும் வெள்ளி இருக்கும். ஆனால் தோழி சொன்னது கற்பனையும் அல்ல. மலையேறுகிறவர்கள் கயிறு மாட்டும் காராபினர் கொக்கியில் சாவியைக் கோத்து பேன்ட்டில் தொங்கவிடுவது மேற்கத்திய லெஸ்பியன் பெண்களிடையே நன்றாகத் தெரிந்த அடையாளம். 1970களில் இரட்டைமுனைக் கோடரிப் பதக்கம் அணிந்தார்கள். வயலட் பூ இன்னும் பழையது. கிரேக்கக் கவிஞர் சாப்போவின் வரிகளில் தோழி சூடிய வயலட் மாலை வருகிறது. ஆரஞ்சிலிருந்து வெள்ளை வழியாக இளஞ்சிவப்புக்குப் போகும் லெஸ்பியன் கொடி 2018இல் வந்தது.

மெட்டியைப் பார்த்தே கல்யாணம் ஆனவள் என்று படித்துவிடுகிறவர்கள் நாம். மெட்டி ஊருக்கே தெரியப் போடுவது. இந்த அடையாளங்களோ, விஷயம் தெரிந்தவள் கண்ணுக்கு மட்டும். வீட்டில் சொல்ல முடியாதவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும்.

ஒருமுறை ஏற்காடு பேருந்தில் பக்கத்தில் இருந்த பெண்ணின் மணிக்கட்டில் அந்தக் கொடி நிறங்களில் பாசிமணி. இருபது கொண்டை ஊசி வளைவும் அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது என் பையில் குத்தியிருந்த வயலட் பூ பேட்ஜைத் தொட்டு, "அழகா இருக்குக்கா" என்றாள். அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

அப்புறம், உங்கள் தோழி எந்தக் குரலில் அதைச் சொன்னாள் என்று யோசித்துப் பாருங்கள். அவளே உங்களிடம் ஏதோ சொல்ல வந்திருக்கலாம்.