இருநூறு எங்கே போயிற்று?

கேள்வி: என் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸை 200-இல் வைத்து, 2 மீட்டர் தொலைவில் இருந்த தட்டானைப் படமெடுத்தேன். நண்பரின் பழைய 200 மி.மீ. லென்ஸை அதே இடத்திலிருந்து பயன்படுத்தியபோது தட்டான் இன்னும் பெரிதாக விழுந்தது. என் லென்ஸ் பழுதா?

பதில்: பழுதில்லை. லென்ஸின் மேல் அச்சிட்டிருக்கும் 200 என்ற எண் அதன் குவியத் தூரம் (எண் கூடக் கூட, அதே இடத்திலிருந்து பொருள் பெரிதாக விழும்); அது வெகுதொலைவுக்கு ஃபோகஸ் செய்யும்போது மட்டுமே பொருந்துவது. நண்பரின் லென்ஸில் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் கண்ணாடிகள் அனைத்தும் ஒன்றாக முன்னே நகர்ந்து குழல் நீளும். குவியத் தூரம் மாறாது. இன்றைய டெலிஃபோட்டோ ஜூம்கள் பலவற்றில் குழல் நீளாமல், உள்ளேயுள்ள கண்ணாடித் தொகுதி ஒன்று மட்டும் நகர்கிறது; எடை குறைவு என்பதால் ஆட்டோஃபோகஸ் விரைவாகிறது, ஆனால் அந்த நகர்வே குவியத் தூரத்தையும் குறைத்துவிடுகிறது.

நிக்கான் 2009-இல் வெளியிட்ட 70-200 மி.மீ. எஃப்/2.8 விஆர் இரண்டாம் பதிப்பு இதற்குப் பெயர்போனது. அதன் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் 1.4 மீட்டர், அங்கே உருப்பெருக்கம் (கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும் உருவம், உண்மைப் பொருளின் அளவில் எத்தனை பங்கு என்பது) 0.12. அதாவது, பள்ளிப் பிள்ளைகளின் 30 செ.மீ. ஸ்கேல் ஒன்று ஃபுல் ஃபிரேம் (36 மி.மீ. அகலச் சென்சார்) படத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை முழுதாக அடங்கிவிடும். குவியத் தூரம் உண்மையாகவே 200 ஆக இருந்தால் அந்த ஸ்கேலில் 17 செ.மீ. மட்டுமே தெரியும். கணக்கிட்டுப் பார்த்தால், அந்த இடத்தில் அது ஏறத்தாழ 135 மி.மீ. லென்ஸாகத்தான் வேலை செய்கிறது. 2016-இல் வந்த அடுத்த பதிப்பில் 1.1 மீட்டர் வரை நெருங்கலாம், உருப்பெருக்கமும் 0.21 ஆக உயர்ந்தது. எனவே லென்ஸ் வாங்குபவர்கள் விளம்பரத்திலுள்ள குவியத் தூரத்தை விட்டுவிட்டு, விவரப் பட்டியலின் அடியில் கிடக்கும் உருப்பெருக்க எண்ணைப் பார்ப்பதே நல்லது என்பேன்.

உங்கள் லென்ஸையும் ஸ்கேலை வைத்தே சோதிக்கலாம். தூரத்தை லென்ஸின் முனையிலிருந்து அளக்காமல், கேமராவின் மேல் வட்டத்தின் குறுக்கே கோடிட்ட குறியிலிருந்து அளக்க வேண்டும். சென்சார் அங்கேதான் இருக்கிறது.

தட்டான் பெரிதாக வேண்டுமானால், 500 மி.மீ. குவியத் தூரமுள்ள குளோஸ்-அப் லென்ஸ் ஒன்றை முன்னால் திருகிக்கொள்ளுங்கள். ஜூமை வெகுதொலைவு ஃபோகஸிலேயே விட்டுவிட்டால் இழந்த 200 முழுதாகத் திரும்பி, அரை மீட்டர் இடைவெளியில் 0.4 உருப்பெருக்கம் கிடைக்கும். அந்த அரை மீட்டரைத் தட்டான் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.